இரண்டு சாண் டிரக்

ஆனையூர், மதுரை.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை, 1989.

சிரஞ்சீவி ஜெயக்கொடிக்கு உன் அப்பன் காளை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உசிரோடு இருக்கிறோம், அங்கே நீ கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று பேச்சியம்மனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், கோபத்தில் இருந்தவன் கும்பிடாமல் எழுதினான் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி விசயத்துக்கு வருகிறேன்.

நீ உன் தம்பி முறைக்காரன் முத்துக்கருப்பன் கையில் கொடுத்தனுப்பிய சீட்டில், அப்பா வண்டி எப்படி இருக்கு, பிடிச்சிருக்கா என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இது. பிடிக்கவில்லை. உன்னையும் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியாமல் நீ அங்கே முழிப்பாய், சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவனுக்கு அப்பன் மனசில் எங்கே ஓட்டை விழுந்தது என்று தெரியவா போகிறது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், முழுக்கப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

போன ஆடியில் நீ எழுதினாய், ஒரு டிரக் வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று. டிரக். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை, முன்னால் போகிற லாரியின் முதுகைப் படித்துப் படித்து எழுத்துக் கூட்டியவன், எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடிதான் படிப்பேன். டிரக் என்றால் லாரி. சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். ரோட்டில் ஓடுகிற வண்டி இல்லை அப்பா, மண்ணில் ஓடுகிற வண்டி என்றும் எழுதியிருந்தாய், சரி, மணல் லாரி, வைகையில் அள்ளலாம், பையன் யோசிச்சுத்தான் இறங்குகிறான் என்று நினைத்தேன். பின்சக்கரம் மட்டும் இழுக்கிறது ஒன்று, நாலு சக்கரமும் இழுக்கிறது ஒன்று, இரண்டாவது கனம் சாஸ்தி, எது எடுக்கட்டும் என்று கேட்டாய். கேட்டதும் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். பின்சக்கரம் இழுக்கிறதையே எடு, சாமான் குறைச்சல், வழியில் நின்றால் ஒத்தை ஆளாய் அடியில் படுத்துச் சரிபண்ணலாம், நாலு சக்கர வண்டி பவுசுக்கு ஆகும் பிழைப்புக்கு ஆகாது என்று இடம் விடாமல் எழுதி அனுப்பினேன். நீயும் அதையே எடுத்தேன் என்று எழுதினாய்.

அடுத்த கடிதத்தில் சேசிஸ் வந்துவிட்டது, பாடி நானே கட்டப்போகிறேன் என்றாய். இந்த ஊரில் லாரி வாங்குகிற எவனும் அப்படித்தானே வாங்குகிறான், முதலில் சக்கரமும் சட்டமுமாய்ச் சேசிஸ் வரும், அப்புறம் பட்டறையில் விட்டுப் பாடி கட்டுவான். ரேடியோவைத் தனியாக வாங்கினேன் என்றாய், ராத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்குப் பாட்டு வேண்டும்தான் என்று உன் அம்மாவிடம் உனக்காகப் பரிந்து பேசினேன். மோட்டாரை மாற்றினேன் என்றாய், செல்ப் மோட்டார் போய்விட்டது போல, பழைய வண்டியைத் தலையில் கட்டிவிட்டானே என்று வருத்தப்பட்டேன். மேடையில் ஏறி நின்றேன், எட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தேன் என்றாய். எடைமேடையில் வரிசையில் மூன்றாவதாக நின்றிருக்கிறாய் என்று நினைத்தேன், அதைக்கூடவா ஒருத்தன் அப்பனுக்கு எழுதுவான் என்று கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

இதெல்லாம் போகட்டும். கார்த்திகையில் எழுதினாய் பார், வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழ்கிறது, ஒரே நாளில் மூன்று தடவை கவிழ்ந்தது, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம் என்று. அதைப் படித்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை. உன் அம்மா ரெங்கம்மாள் திருப்பரங்குன்றத்துக்கு நடந்தே போய் உன் பேருக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள், அன்றைக்குப் பிடித்த முழங்கால் வலி இன்னும் விடவில்லை. மூணு தடவை கவுந்தவன் சிரிக்கிறானே, மண்டையில அடிபட்டிருச்சோ என்னமோ என்று உன் தாய்மாமன் மொக்கைச்சாமி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். நான்தான் உட்கார்ந்து எழுதினேன், கனத்தை மேலே வைக்காதே, பேட்டரியைக் கீழே இறக்கி நடுவில் வை, கனம் தரையை ஒட்டி இருந்தால் எந்த வண்டியும் கவிழாது என்று. நீங்கள் சொன்னபடியே வைத்தேன் அப்பா, இப்போது கவிழ்வதே இல்லை என்று பதில் போட்டாய். ஏண்டா, கவிழாமல் ஓட்டத் தெரிந்தவனுக்கு அது பொம்மை என்று ஒரு வார்த்தை எழுதத் தெரியவில்லையா? உன் கடிதம் அத்தனையையும் திரும்ப எடுத்துப் படித்துவிட்டேன், ஒன்றில்கூடப் பொம்மை என்ற சொல் இல்லை.

இனி நான் செய்ததைக் கேள். அந்தச் சமயத்தில் நான் ஓட்டுகிற லாரியின் ஓனர் வெள்ளைத்துரை, மழையோடு மழையாகத் தேனிக்கு லோடு எடுத்துப் போகச் சொன்னான். வண்டி டயரைப் பார்த்தால் ஆறும் மொட்டை, ரோட்டைக் கவ்வுகிற பட்டன் என்று பேருக்குக்கூட இல்லை, ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கினால் வண்டி தன்னால் எங்கேயாவது போய்க்கொள்ளும். டயர் மாத்து, இல்லைன்னா போக மாட்டேன் என்றேன். வயசாச்சுல்ல, பயம் வரத்தாண்ணே செய்யும் என்றான் எல்லோர் முன்னாலும். என் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்லை. சாவியை அவன் மேசையில் வைத்துவிட்டு, எம் மகன் சொந்தமா லாரி வாங்கியிருக்கான், இனி உன் வண்டிப் படியில கால் வச்சா என்னைக் கூப்பிட்டுக் கேளு என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ எழுதிய டிரக் என்ற வார்த்தையை நம்பி என் சீட்டைவிட்டு இறங்கினேன். அதுதான் விசயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்த வால்.

வண்டி வந்தால் நிறுத்த இடம் வேண்டும் என்று வீட்டுப் பக்கத்து முருங்கை மரத்தை வெட்டினேன். உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள், காய்க்கிற மரங்க என்றாள், லாரி சம்பாதிக்காததையா உன் முருங்கைக்காய் சம்பாதிக்கப் போகுது என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி வெட்டினேன். பேச்சியம்மன் துணை என்று பெரிய பலகை ஒன்றும் எழுதி வாங்கினேன், சிவப்பும் மஞ்சளுமாக, லாரி நெற்றிக்கு அளவெடுத்த மாதிரி. சிங்கப்பூரிலும் ஸ்டியரிங் வலது பக்கம்தான் என்று நாலு பேரிடம் விசாரித்தும் வைத்திருந்தேன்.

அப்புறம்தான் உன் கடைசிக் கடிதம், முத்துக்கருப்பன் ஊருக்கு வருகிறான், அவனிடம் உங்களுக்கு ஒரு டிரக் கொடுத்து அனுப்புகிறேன் என்று. எனக்கு என்ன தோன்றும்? வண்டி கப்பலில் வந்து மெட்ராசில் இறங்கும், முத்துக்கருப்பன் ஓட்டிக்கொண்டு வருவான் என்றுதானே தோன்றும்? அவன் சொன்ன நாளில் மாலையும் எலுமிச்சம்பழமும் திருஷ்டிப் பூசணிக்காயுமாக நானும் உன் மாமனும் ஆரப்பாளையத்தில் ரோட்டோரம் நின்றோம். எதிரே டீக்கடையில் வெள்ளைத்துரை ஷெட்டு டிரைவர் அத்தனை பேரும். முத்துக்கருப்பன் பஸ்ஸைவிட்டு இறங்கினான். நான் அவனைப் பார்க்கவில்லை, பஸ்ஸுக்குப் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கடா வண்டி, எவன் ஓட்டிட்டு வாரான் என்றேன். இந்தா இருக்கு பெரியப்பா என்று அக்குளில் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினான். பூசணிக்காய் உன் மாமன் கையிலிருந்து தானாக விழுந்து உடைந்தது. அப்புறம் அந்த டீக்கடையில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. மச்சான், மாலைய வண்டிக்குப் போடவா, இல்ல பெட்டிக்கேவா என்று கேட்டான் உன் மாமன். அவனோடு மூன்று வாரம் நான் பேசவில்லை.

வீட்டில் உன் அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மரம் இருந்த எடத்துலேயே கொண்டுபோய் நிப்பாட்டுங்க, இம்புட்டு எடம் அதுக்குப் பத்துமா என்று கேட்டாள். மறுநாளே வெட்டிப்போட்ட முருங்கையில் ஒரு போத்துக் கிளையை எடுத்து, லாரிக்கென்று நான் ஒதுக்கிய இடத்துக்கு நட்டநடுவில் ஊன்றிவிட்டாள்.

பெட்டியைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். குறை கண்டுபிடித்து எழுதவாவது பார்க்க வேண்டாமா என்று பிறகு திறந்தேன். உள்ளே வண்டி இல்லை, வண்டிக்கான சாமான்தான் பை பையாகக் கிடந்தது, சீரகம் மாதிரி ஸ்குரூ, துவரம்பருப்பு மாதிரி பல்சக்கரம், ஒரு படப் புத்தகம், எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கட்டி முடித்த வண்டியை அனுப்பினால் உன் கை தேய்ந்துவிடுமா? இருந்தாலும் உட்கார்ந்து கட்டினேன். இவ்வளவு காலம் எந்த வண்டியின் அடியில் படுத்து எழுந்தேனோ அதிலுள்ளது அத்தனையும் அதில் இருக்கிறது, பின் அச்சில் டிஃபரன்சல், நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், எண்ணெய் ஊற்றுகிற ஷாக் அப்சார்பர். செய்தவன் திருடன் இல்லை, அது மட்டும் சொல்வேன். கொடுத்திருந்த எண்ணெய் தண்ணி மாதிரி இருந்ததால் அதைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றினேன், வண்டி செத்த ஓணான் மாதிரி விறைத்துக்கொண்டது, கழற்றிக் கழுவி அவன் கொடுத்த எண்ணெயையே ஊற்ற வேண்டியதாயிற்று, அதற்காக விளக்கெண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிற பாடிக்கு உள்பக்கமாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தான். எந்த ஊரில் வண்டிக்கு உள்ளே பெயின்ட் அடிப்பார்கள், நான் வெளியில்தான் அடித்தேன். ஒரு தடவை உரசியதும் உரிந்துவிட்டது. பெயின்ட் சரியில்லை. பேச்சியம்மன் துணை பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பலகை வண்டியைவிட நீளம்.

கட்டியாகிவிட்டது, ஓட வேண்டுமே. நீ அனுப்பிய சார்ஜரில் வீட்டுக் கரண்டில் சொருகுகிற சாமானே இல்லை, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப், பக்கத்தில் காரின் முன்மூடியைத் திறந்து பேட்டரியில் மாட்டுகிற மாதிரி படம். அதாவது இந்தப் பொம்மை ஓட வேண்டும் என்றால் உண்மையான வண்டி ஒன்று வேண்டும். உன் புத்தியைப் பார், லாரியைவிட்டு இறங்கியவனிடம் லாரி பேட்டரி கேட்கிறாய். மதுரையில் வேறு லாரியே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. வேறொருத்தன் வண்டியில் ஒளிந்து ஒளிந்து மாட்டினால் வெள்ளைத்துரைக்குப் பயந்தேன் என்றாகிவிடும். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் திருப்பரங்குன்றம் ரோட்டில் அவன் ஷெட்டுக்கே போனேன். வாங்கண்ணே, மகன் வண்டிக்கு நிறுத்த எடம் கேட்டு வந்தியளா, என் மேச டிராயர்லயே விட்டுக்கங்க என்றான். ஷெட்டே சிரித்தது. நான் காதில் வாங்கவில்லை. என் பழைய வண்டி அங்கேயே நின்றது, மொட்டை டயரைப் பார்த்துவிட்டு வேறெவனும் கணவாய்க்கு எடுக்கவில்லை. அதன் பேட்டரியிலேயே கிளிப்பை மாட்டிச் சார்ஜ் ஏற்றினேன்.

ஓட்டினேன். ரேடியோ என்று நீ எழுதியது பாட்டுப் பெட்டி இல்லை, குச்சியை அசைத்தால் தூரத்திலிருந்தே வண்டியைத் திருப்புகிற கைப்பெட்டி என்று பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. என்னைவிட்டு விலகிப் போகும்போது ஒழுங்காகப் போகிறது, என்னைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடது என்றால் வலது போகிறது, வலது என்றால் இடது போகிறது. நேராக வந்து வெள்ளைத்துரையின் சுண்டுவிரலில் ஏறியது. வேணும்னேதான விட்டிய என்று ஒற்றைக் காலில் குதித்தான். ஆமா என்று சொல்லிவிட்டேன். வண்டியின் குற்றம்தான், உள்ளே உட்கார முடியாத வண்டியை எவன் ஓட்டுவான். பிறகு யோசித்தேன், லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து ஓட்டினேன். அப்புறம் அது என் பேச்சைக் கேட்டது. ஷெட்டு மூலையில் இருந்த மணல் குவியலுக்கு நேராக விட்டேன், ஏறியது, உச்சியில் தரையைவிட்டு எழும்பியது, அந்தப் பக்கம் நாலு காலில் விழுந்து ஓடியது. யாரோ விசில் அடித்தார்கள். பொம்மதானண்ணே என்றான் வெள்ளைத்துரை. நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பி டயரைக் காட்டினேன். பொம்மதான்யா, பொம்மைக்கே அவன் பட்டன் வச்சுச் செஞ்சிருக்கான் பாரு, தடவிப் பாரு, அப்புறம் உன் வண்டி டயரைத் தடவு, அப்புறம் என் வழுக்கை மண்டையைத் தடவு, ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா சொல்லு என்றேன். ஆரப்பாளையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், அதே வாயால் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்புக்கு விசுவாசம் கிடையாது, தெரிந்துகொள்.

ஒரு வாரம் கழித்து உன் மாமன் வெள்ளைத்துரை கொடுத்துவிட்ட சாவியோடு வந்தான், டயரு மாத்தியாச்சு மச்சான், வரச் சொன்னாரு என்றான். ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். வெளியில் தெரிகிற நாலும் புதுசு, பின்னால் உள்பக்கம் இருக்கிற இரண்டும் பழசு. சாவியை மேசையில் வைத்துவிட்டு மறுபடி வந்துவிட்டேன். உன் அம்மா இந்த வீம்பு ஒரு நாளைக்குச் சோறு போடுமா என்றாள். போடாது, ஆனால் மொட்டை டயர் எமனுக்குச் சோறு போடும் என்றேன். போன வாரம் ஒரு மத்தியானம் வாசலில் ஹாரன் சத்தம். வெள்ளைத்துரையே வண்டியைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தி, நீங்களே தடவிப் பாருங்க, எனக்கு வேற வேலை இருக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஆறு சக்கரத்தையும் தடவினேன். உள்சக்கரத்துக்குக் கையைவிட்டுத் தடவினேன். பட்டன் இருந்தது. சாவியை அவன் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை, சீட்டில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான், நான் ஏறி எடுத்துக்கொண்டேன். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. கணக்குச் சரி.

இப்போது லாரி முருங்கை இருந்த இடத்தில்தான் நிற்கிறது. உன் அம்மா ஊன்றிய போத்து துளிர்த்துவிட்டது, அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு மிதிக்காமல் பின்னால் எடுப்பதற்குள் எனக்குக் கழுத்துச் சுளுக்குகிறது, பிடுங்கி ஓரத்தில் நடு என்றால் அவள் மாட்டேன் என்கிறாள். உன் பொம்மையை டேஷ்போர்டில் வைத்துக் கட்டியிருக்கிறேன். பெருமைக்கு என்று நினைத்துவிடாதே. வெள்ளைத்துரை வண்டியில் ஏறும்போதெல்லாம் அந்த டயர் அவன் கண்ணில் குத்த வேண்டும், அதற்குத்தான்.

உன் அம்மா ஒன்று சொல்கிறாள். லாரிக்காக மரத்தை வெட்டவில்லை இவர், லாரி வந்தா மகனும் கூடவே வந்துருவான்னுதான் வெட்டினார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது பொய். நம்பாதே. இவ்வளவும் எழுதியதற்கு நீ அழுது பதில் எழுத வேண்டாம், வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம், பிசகு உன்னுடையது, நான் படித்தது சரி. மேடையில் ஏறினேன் என்றாயே, அந்தப் பொம்மை வண்டிப் போட்டியில் ஓட்டும்போது முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலே பார்த்து ஓட்டு, மூன்றாவதாக வருகிறவன் இரண்டாவதாக வருவாய். முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பு, அம்மாவுக்குத்தான், எனக்கு இல்லை.

பேச்சியம்மன் உனக்கு முன்னாலும் பின்னாலும் நின்று காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, வெல்டிங் வைக்கும்போது கண்ணாடியைக் கழற்றாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் எதை வாங்கினாலும் அது எத்தனை சாண் நீளம் என்று முதல் வரியிலேயே எழுது. ஊருக்கு வாரேன் என்று எழுதுவதாக இருந்தால் அளவு எழுத வேண்டாம், ஆள் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
டிரக் என்றால் லாரிதான் என்று இன்றைக்கும் சொல்கிற
உன் அப்பன்,
காளை.